முதலில் அழைப்பவர்

நான்கு துறைகளுக்கும் ஒன்றோடொன்று பேச வழி இல்லாமல் இருந்தது. போலீசின் வயர்லெஸ்ஸில் பேசுவது தீயணைப்புக்குக் கேட்காது. தீயணைப்பு பேசுவது வனத்துறைக்குக் கேட்காது. ஆம்புலன்ஸிடம் செல்போன் மட்டும் இருந்தது. கல்வராயன் மலையில் பாதி இடத்தில் டவர் கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் மலையடிவாரத்து ஓடையில் ஒரு டிராக்டர் சிக்கியது. ஆம்புலன்ஸ் தவிர மற்ற மூன்று துறைகளும் மூன்று வெவ்வேறு பாலங்களில் போய் நின்றுகொண்டு, டிராக்டரைக் காணவில்லை என்று தத்தம் மேலிடத்துக்குத் தெரிவித்தன. டிராக்டர்காரர் நீந்திக் கரையேறி, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று துறைகளும் அவரைக் காப்பாற்றியதாக அறிக்கை அனுப்பின. ஒரே ஆளை மூன்று முறை காப்பாற்றியது கணக்கில் உதைத்தது. அதற்குப் பிறகுதான் வாரியம் அமைக்கப்பட்டது.

மலைப்பகுதி அவசரத் தொடர்பு ஒருங்கிணைப்பு வாரியம் கள்ளக்குறிச்சியில் ஒரு டயர் கடையின் மாடியில் இயங்கியது. அதற்குச் சிறப்பு அலுவலர் பிரவீன்குமார். வாரியம் எல்லாத் துறைகளுக்கும் ஒரே மாதிரியான மஞ்சள் நிற வயர்லெஸ் செட்டுகள் வாங்கிக் கொடுத்தது. ஒரே அலைவரிசை. யார் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். மலை உச்சியில் ஒரு கோபுரம் நட்டு, அலை எட்டாத வளைவே இல்லாமல் செய்தார்கள். இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஏனென்றால் இதுவரை நடந்தது இயற்பியல்.

கல்யாண மண்டபத்தில் தொடக்க விழா. பிரவீன்குமார் பேசினார்.

"தகவல் என்பது தண்ணீர் மாதிரி. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும். ஆனால் அழைப்பு என்பது மரியாதை மாதிரி. பள்ளத்திலிருந்து மேட்டுக்குத்தான் போக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நிர்வாகம் என்ன ஆகும்? இந்தக் கருவியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துவது எளிது. யார் அழுத்துவது என்பதுதான் கடினம்."

கைதட்டினார்கள். அவர் சொன்னது உண்மை என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

வயர்லெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கீழே இருப்பவர் அழைப்பார். மேலே இருப்பவர், "சொல்லு" என்பார். மேலே இருப்பவருக்குத் தேவை வந்தால் பக்கத்தில் இருக்கும் கீழானவரை விட்டு அழைக்கச் சொல்வார். இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. அதனாலேயே இதை யாரும் மீறியதில்லை. ஒரு துறைக்குள் யார் மேலே, யார் கீழே என்று எல்லோருக்கும் தெரியும். துறைக்குத் துறை எப்படித் தெரியும்? போலீசு எஸ்.ஐ. மேலா, தீயணைப்பு நிலைய அலுவலர் மேலா? வனவர் எங்கே நிற்பார்?

இதைத் தீர்க்கத் தகுதி நிர்ணயக் குழு கூடியது. போலீசு, தோளிலிருக்கும் நட்சத்திரங்களைக் காட்டியது. தீயணைப்பு, தன் வண்டியின் எடையைச் சொன்னது. வனத்துறை, தன் எல்லைக்குள் இருக்கும் மரங்களைக் குடிமக்களாகக் கணக்கிட வேண்டும் என்று கேட்டது. குழு நெய் முறுக்கு சாப்பிட்டுவிட்டு, "தகுதி நிர்ணயம் ஆகும்வரை இப்போதுள்ள நிலை தொடரும்" என்று முடிவு செய்தது. இப்போதுள்ள நிலை, யாரும் பேசாமலிருப்பது.

ஆம்புலன்ஸ் பிரச்சினை சுலபமாகத் தீர்ந்தது. அதில் இருப்பவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவர்கள் கேட்கலாம், பேசக்கூடாது. அவர்களுடைய செட்டில் பொத்தானின் மேல் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, வாரியத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்கள்.

வாரியம் இன்னும் இரண்டு விதிகள் செய்தது. ஒன்று, துறைகள் தங்களுக்குள் பணி குறித்து நேரில் பேசக்கூடாது. நேரில் பேசினால் பதிவாகாது. பிற்பாடு நான் சொன்னேன், நீ சொல்லவில்லை என்று வரும். எதுவானாலும் செட் வழியாகத்தான் பேச வேண்டும். இரண்டு, பொதுமக்களின் அழைப்புக்கு எல்லாத் துறைகளும் உடனே பதிலளிக்க வேண்டும். இந்த இரண்டாவது விதி வாரியத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டது. பொதுமக்களிடம் செட் கிடையாது என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

தினமும் காலையில் ஒவ்வொரு துறையும் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டு எடுக்கும். வார்த்தை கிடையாது. டயர் கடை மாடியில் 'கிளிக்' என்று கேட்கும். கருவி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பிரவீன்குமார் மேலே அறிக்கை அனுப்பினார்: "தொடங்கிய நாள் முதல் அலைவரிசையில் குறுக்கீடு, இரைச்சல், தவறான தகவல் ஒன்றுகூட இல்லை." அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

வெற்றிவேலுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குச் சங்கராபுரம் பக்கம் ஒரு சிற்றூர். சொந்த நிலம் இல்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்க மனைவி சாலம்மாளோடு மலைக்கு வந்து, கொல்லை ஓரத்துக் கொட்டாயில் தங்கியிருந்தான். சாலம்மாளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அடுத்த வாரம் ஊருக்கு இறங்குவதாகத் திட்டம். அவளுக்கு அதற்குள் வலி வந்துவிட்டது.

இரவு முழுவதும் மழை பெய்து விட்டிருந்த காலை அது. கொல்லைக்காரர் டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஓடிப்போய் போன் செய்தார். ஆம்புலன்ஸ் மலையிலேயே நின்றதால் சீக்கிரம் வந்துவிட்டது. உள்ளே முதலுதவி செய்யும் எழில்மதி என்ற பெண் இருந்தாள். சாலம்மாளைப் படுக்க வைத்துப் பார்த்தாள். வெற்றிவேலிடம் திரும்பினாள்.

"அண்ணா, புள்ள குறுக்க கெடக்குது. கை மொதல்ல வந்துகினு இருக்கு. இத என்னால எடுக்க முடியாது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஆப்பரேஷன் பண்ணாதான் ரெண்டு பேரும் பொழைப்பாங்க."

"எம்மா நேரத்துல போவணும்?"

"இப்பவே போயிருக்கணும்."

வண்டி வளைந்து வளைந்து இறங்கியது. அடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்கு இன்னும் சில வளைவுகளே இருந்தபோது டிரைவர் பிரேக் போட்டார். சாலையின் குறுக்கே ஒரு வேங்கை மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. ஆள் உயரத்துக்கு அடிமரம். அதற்கு அந்தப் பக்கம் வண்டிகளின் விளக்குகள் தெரிந்தன.

வெற்றிவேல் இறங்கி, மரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையில் இருந்த, ஸ்ட்ரெச்சர் நுழையாத சந்தில் படுத்து நுழைந்து அந்தப் பக்கம் போனான். அங்கே மூன்று ஜீப்புகள் வரிசையாக நின்றன. போலீசு, தீயணைப்பு, வனத்துறை. அவனுக்கு உயிர் வந்தது. இவ்வளவு சீக்கிரம் எல்லோரும் வந்துவிட்டார்களே என்று மனதுக்குள் கும்பிட்டான்.

மூன்று பேரும் அவரவர் ஜீப்பின் பானெட்டில் மஞ்சள் செட்டை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் டீ இருந்தது.

தீயணைப்பு நிலைய அலுவலர் அய்யப்பனின் ஜீப்பில் மரம் அறுக்கும் மெஷின் இருந்தது. வெற்றிவேல் அவரிடம் போனான்.

"சார், அந்தாண்ட ஆம்புலன்ஸ்ல எம் பொண்டாட்டி. புள்ள கை வெளிய வந்துடுச்சு. மரத்த அறுத்து வுடுங்க சார்."

"அடப் பாவமே," என்றார் அய்யப்பன். உண்மையாகவே வருத்தப்பட்டார். "மெஷின் ரெடி. பெட்ரோல் போட்டாச்சு. ஆனா இது வேங்கை. காட்டு எல்லை. வனத்துறை அனுமதி குடுக்கணும்."

"அவரு இங்கதான சார் நிக்கறாரு?"

"நிக்கறாரு."

"கேளுங்க சார்."

அய்யப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் மொதல்ல கூப்டா நான் கீழன்னு ஆயிடும்பா. நான் கீழ எறங்கலாம். எனக்கு மான அவமானம் ஒண்ணும் இல்ல. ஆனா எங்க டிப்பார்ட்மெண்டே எறங்கிடும். நாளைக்கு மாநிலம் பூரா இதக் காட்டுவாங்க."

வெற்றிவேல் வனவர் சுப்புராயனிடம் ஓடினான்.

"வெட்டலாம்," என்றார் சுப்புராயன். "தாராளமா வெட்டலாம். அனுமதி குடுக்கத்தான் வந்து நிக்கறேன். கேட்டாதான குடுக்க முடியும்? கேக்காத அனுமதிய எப்பிடிய்யா குடுக்கறது?"

"அவரு உங்கள கேக்கணுமாம்."

"கேக்கட்டும். செட்டு ஆன்லதான் இருக்கு."

"ஒரு வார்த்த நீங்களே வாயால சொல்லிடுங்களேன் சார்."

சுப்புராயன் குரலைத் தாழ்த்தினார். "நேர்ல பணி குறித்துப் பேசக்கூடாதுன்னு ஆர்டர். மரத்தத் தவிர வேற எது வேணா பேசலாம். அரை மணியா பேசிக்கினுதான் இருந்தோம். அவரு பையன் இன்ஜினீரிங் சேந்திருக்கான். நல்ல புள்ள."

அய்யப்பன் அங்கிருந்தே, "கம்ப்யூட்டர் சயின்ஸ்," என்றார்.

"மரம்?" என்றான் வெற்றிவேல்.

இருவரும் செட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எஸ்.ஐ. அஜித்குமார் இளைஞர். அவராவது சத்தம் போடுவார் என்று வெற்றிவேல் நினைத்தான்.

"ரெண்டு பேருல யாரு மொதல்ல கூப்டாலும் சரி," என்றார் அவர். "அறுக்கறப்ப நான் டிராபிக்க நிறுத்தணும். அதுக்கு ரெடியா நிக்கறேன்."

"டிராபிக்கு நின்னுதான சார் இருக்கு? ரெண்டு பக்கமும் ஒரு வண்டி போவல."

"அது மரம் நிறுத்துனது. நான் நிறுத்துனாதான் செல்லும்."

பின்னால் நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து சிலர் இறங்கி வந்தார்கள். கரும்பு வெட்டப் போகிறவர்கள். கையில் கொடுவாள் இருந்தது.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கறீங்க? நகருங்க, நாங்க வெட்டித் தள்றோம்," என்றார் ஒருவர்.

சுப்புராயன் சட்டென்று எழுந்தார். "வேங்கை மேல கை வெச்சா கேஸு. ஜாமீன் கெடையாது."

"அப்ப நீயே வெட்டு."

"வெட்டறது எங்க வேல இல்ல."

"பாக்கறதுதான் வேலயா?"

"ஆமா," என்றார் சுப்புராயன். அவர் பொய் சொல்லவில்லை.

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து சாலம்மாளின் குரல் வந்தது. அலறல் இல்லை, அலறி ஓய்ந்த பிறகு வரும் குரல். மூன்று அதிகாரிகளும் தலை குனிந்தார்கள். அஜித்குமார் தொப்பியைக்கூடக் கழற்றினார். செட்டைத் தொடவில்லை.

வெற்றிவேல் மீண்டும் சந்தில் நுழைந்து ஆம்புலன்ஸுக்கு வந்தான். எழில்மதி சாலம்மாளின் இடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணிக்கு வெளியே ஒரு சின்னக் கை தெரிந்தது. நீலம் பாரித்திருந்தது.

"இன்னா சொல்றாங்க?" என்று கேட்டாள் சாலம்மாள்.

"வெட்டலாமாம். வெட்டறதுக்கும் ரெடியாம். நிறுத்தறதுக்கும் ரெடியாம்."

"அப்புறம் இன்னா?"

வெற்றிவேல் டிரைவர் பக்கம் திரும்பினான். அப்போதுதான் வண்டியின் முன்பக்கத்தில் அதே மஞ்சள் செட் தொங்குவதைப் பார்த்தான்.

"இதுல பேசினா அங்க கேக்குமா?"

"கேக்கும்ணா. ஆனா நாங்க பேசக்கூடாது. அரக்கு வெச்சு மூடிட்டாங்க பாருங்க. ஒடைச்சா அன்னிக்கே வேலய வுட்டுத் தூக்கிடுவாங்க."

"நீங்கதான பேசக்கூடாது," என்றான் வெற்றிவேல்.

செட்டை எடுத்தான். கிழங்கு பிடுங்கிக் காய்த்த கட்டைவிரல் நகத்தால் அரக்கைச் சுரண்டினான். முத்திரை இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது.

"அமுக்கிக்கினே பேசுங்க. முடிச்சதும் வுட்டுடுங்க," என்றாள் எழில்மதி. "நீங்க வுட்டாதான் அவங்க பேச முடியும்."

அவன் அழுத்தினான்.

"ஐயா. மரத்தாண்ட நிக்கறவங்க. நான் வெற்றிவேலு பேசறேன். எம் பொண்டாட்டி சாவக் கெடக்குறா. யாராவது பதில் சொல்லுங்கய்யா."

அவன் குரல் அவனுக்கே மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று முறை கேட்டது. அந்த அலைவரிசையில் மனிதர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தியதில் செட் கரகரத்தது. அது ஓய்ந்ததும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள்.

"சொல்லுங்க. போலீசு. ஓவர்."

"தீயணைப்பு கேக்குது, சொல்லுப்பா. ஓவர்."

"வனத்துறை. சொல்லு. ஓவர்."

அவர்கள் குரலில் நிம்மதி இருந்தது. கடைசியில் அவர்கள் எல்லோருக்கும் கீழே ஒருவன் கிடைத்துவிட்டான்.

"மரத்த வெட்டலாமா ஐயா?"

"வெட்டலாம். அனுமதி வழங்கப்பட்டது. தீயணைப்புக்குச் சொல்லு. ஓவர்," என்றார் சுப்புராயன். அய்யப்பன் அவருக்கு அடுத்த ஜீப்பில் நின்றிருந்தார்.

"தீயணைப்பு ஐயா, வெட்டலாமாம்."

"வனத்துறை சொன்னதா நீ சொல்றத ஏத்துக்கறேன். ரோட்ட மூடணும்னு போலீசுக்குச் சொல்லு. ஓவர்."

"போலீசு ஐயா, ரோட்ட மூடணுமாம்."

"மூடியாச்சு. ஓவர்."

மெஷின் உறுமியது. மரத்தூள் பறந்தது. வேலை தெரிந்தவர்கள்தான். கிளைகளைக் கழித்து, அடிமரத்தில் ஒரு பக்கம் வெட்டு இறக்கிவிட்டார்கள். இன்னொரு வெட்டு விழுந்தால் நடுத்துண்டு உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும். அதற்கு முன் ஆம்புலன்ஸைப் பின்னால் தள்ளி நிறுத்த வேண்டும். நிறுத்தியாகிவிட்டது என்று செட்டில் சொன்னால்தான் அய்யப்பன் கடைசி வெட்டைப் போடுவார். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். வெற்றிவேல் பொத்தானை அழுத்தப் போனான்.

அதற்குள் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு குரல் வந்துவிட்டது.

"வணக்கம். வாரியச் சிறப்பு அலுவலர் பிரவீன்குமார் பேசுகிறேன். இந்த அலைவரிசையின் முதல் குரலை வாரியத்தின் சார்பில் வரவேற்கிறேன். இன்று ஒரு வரலாற்று நாள். துறைகளுக்கிடையே சுவர்கள் இருந்தன. அவற்றை நாம் தகர்த்திருக்கிறோம். இந்தக் கருவிகளை வாங்கியபோது, இவை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு இன்று பதில் கிடைத்திருக்கிறது. பேசுகிற நண்பர் எந்தத் துறை, என்ன பதவி என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டு நான் எந்த மரியாதையில் பேச வேண்டுமோ அந்த மரியாதையில் பேசுவேன்…"

ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை அந்த அலைவரிசையில் இன்னொருவர் பேச முடியாது. பிரவீன்குமார் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. மெஷின் நின்றுவிட்டது. அய்யப்பன் மரத்துண்டின் பக்கத்தில் மெஷினைப் பிடித்தபடி, மேலதிகாரி ஒருவர் பேசும்போது நிற்க வேண்டிய மாதிரி நின்றார்.

"ஐயா, வுடுங்கய்யா பட்டன!" என்று வெற்றிவேல் செட்டுக்குள் கத்தினான். அது யாருக்கும் போகவில்லை. மரத்தின் மேல் ஏறி நின்று, "வண்டி நகந்துடுச்சு, அறுங்க சார்!" என்று கத்தினான். அய்யப்பனுக்குக் கேட்டது. அவர் கண் அவனைப் பார்த்தது. உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

பிரவீன்குமார் ஒருங்கிணைப்பின் தேவை பற்றிப் பேசினார். கேடயம் பற்றிப் பேசினார். டயர் கடை மாடியில் இடம் போதாமல் இருப்பது பற்றிப் பேசினார். கடைசியில், "அவசரம் என்று ஒன்று வந்தால் ஒரு நொடிகூட வீணாகக்கூடாது. யார் எது சொன்னாலும் கேட்க நான் தயார். ஓவர்," என்றார்.

ஆம்புலன்ஸுக்குள் சாலம்மாளின் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். சாலம்மாள் பிழைத்துக்கொண்டாள். பையன். அவனும் பிழைத்துக்கொண்டான். ஆனால் முதலில் வெளியே வந்த வலது கை அசையவில்லை. நெடுநேரம் நசுங்கிக் கிடந்ததில் நரம்பு பாதித்திருக்கிறது, வாராவாரம் கூட்டி வந்து பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம் என்றார் டாக்டர்.

வாரியம் வெற்றிவேலைக் கூப்பிட்டு அனுப்பியது. மேசையின் ஒரு பக்கத்தில் சால்வை இருந்தது. இன்னொரு பக்கத்தில் உடைந்த அரக்கு, ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. முதலில் எதை எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்திருக்கவில்லை.

"அரசு முத்திரையை உடைத்தது குற்றம்," என்றார் பிரவீன்குமார். "உரிமம் இல்லாமல் பேசியதும் குற்றம். ஆனால் பேசியதால் வேலை நடந்திருக்கிறது. ஆகவே இந்தக் குற்றத்தைத் தொடர்ந்து நடக்கிற மாதிரி ஒழுங்குபடுத்த வேண்டும் என்று வாரியம் கருதுகிறது."

"எம் புள்ள கை…" என்று ஆரம்பித்தான் வெற்றிவேல்.

"அதையும் விசாரித்தோம். நான் பேசியது எல்லாத் துறைகளுக்கும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. தொடர்பில் தாமதமே இல்லை. தாமதம் ஏற்பட்டிருந்தால் அது தொடர்பினால் அல்ல."

வெற்றிவேல் மேசையிலிருந்த அரக்கைப் பார்த்தான்.

முதல் அழைப்பாளர் என்று ஒரு பதவி உருவாக்கப்பட்டது. எல்லோருக்கும் கீழே இருந்து முதலில் அழைப்பது வேலை. வெற்றிவேலுக்கே கொடுத்தார்கள். அவனுக்கு விருப்பமில்லை. ஆனால் வாராவாரம் பையனைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டி வர வேண்டியிருந்தது. கிழங்கு பிடுங்கிக்கொண்டே அது முடியாது. ஒத்துக்கொண்டான். ஊதா நிறச் சட்டையும், பெயரும் பதவியும் எழுதிய ஒரு வில்லையும் கொடுத்தார்கள்.

ஆம்புலன்ஸ் செட்டில் புதிதாக அரக்கு ஊற்றினார்கள். இந்தத் தடவை இரண்டு மடங்கு.

அடுத்த மழையில் மலையோடையில் வெள்ளம் வந்தது. ஆடு மேய்க்கப் போன தைலம்மாள் என்ற பெண் நடுப்பாறையில் ஆடுகளோடு மாட்டிக்கொண்டாள். ஊர்க்காரர்கள் வாரியத்துக்குப் போன் செய்தார்கள். அய்யப்பன் கயிற்றோடு ஒரு கரையில் நின்றார். சுப்புராயன், மேலே காட்டுத் தடுப்பணையின் மதகை மூடச் சொல்லக் காத்து, எதிர்க்கரையில் நின்றார். அஜித்குமார் கூட்டத்தை நிறுத்த ரெடியாகப் பாலத்தில் நின்றார். மூன்று செட்டுகளும் ஆனில் இருந்தன.

டயர் கடை மாடியில் வெற்றிவேல் செட்டை எடுத்துப் பொத்தானில் விரலை வைத்தான். பிரவீன்குமார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு, இரு. நீ இப்போ வாரியத்து ஆள். நீ மொதல்ல கூப்பிட்டா வாரியமே எல்லாருக்கும் கீழேன்னு ஆயிடும்."

"அதுக்குத்தானங்க என்ன வெச்சீங்க?"

"வெச்சோம். வெச்சதும் உனக்கு ஒரு பதவி வந்துடுச்சு இல்ல? பதவின்னு வந்தா அது எங்கயாவது நிக்கணும். தகுதி நிர்ணயக் குழுவுக்கு எழுதியிருக்கேன். முறுக்குக்குச் சொல்லியாச்சு."

"அந்த அம்மா பாற மேல நிக்குதுங்க."

"அவசரப்படாதே. அவசரத்துக்குன்னுதான் ஒரு வாரியமே இருக்கு."

வெற்றிவேல் கையை விடுவித்துக்கொண்டான். வில்லையைக் கழற்றி மேசை மேல் வைத்தான். சட்டையைக் கழற்றினான். பனியனோடு நின்றான்.

"எனக்கு இந்த வேல வேணாங்க," என்றான். "இப்ப நான் யாரு?"

பிரவீன்குமார் யோசித்தார். அவருடைய கண் சுவரில் எழுதியிருந்த இரண்டாவது விதியில் போய் நின்றது.

"பொதுமக்கள்," என்றார்.

வெற்றிவேல் அழுத்தினான். "ஐயா, பொதுசனம் பேசறேன்."

"சொல்லுங்க. ஓவர்," என்று மூன்று குரல்களும் முட்டிக்கொண்டு வந்தன. பிரவீன்குமார் தன் செட்டை எடுக்கப் போனார். வெற்றிவேல் அதையும் எடுத்துத் தன் இடது கையில் வைத்துக்கொண்டான். தைலம்மாளைக் கரையேற்றினார்கள். ஆடுகளையும் ஏற்றினார்கள். மூன்று துறைகளும் தனித்தனியே அறிக்கை அனுப்பின. ஆடுகள் மூன்று மடங்காயின.

மழை விட்டதும் வாரியம் வெற்றிவேலை மீண்டும் வேலைக்கு எடுத்தது. அடுத்த மழைக்கு அவன் மீண்டும் விட்டான். இப்போது இது வழக்கமாகிவிட்டது. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே இதையும் யாரும் மீறுவதில்லை. வெளிமாவட்டங்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாரியத்துக்கு இன்னொரு கேடயம் வந்திருக்கிறது.

இன்று காலை சாலம்மாள் பையனை மடியில் போட்டுக்கொண்டு வலது கையை எண்ணெய் தொட்டு நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் இப்போது மடங்குகின்றன. தோள் இன்னும் எழவில்லை.

"இன்னிக்கு வேல இருக்கா உனுக்கு?" என்று கேட்டாள்.

வெற்றிவேல் ஊதாச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து மலைப் பக்கம் பார்த்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இல்ல," என்றான்.

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பினான்.